எங்க நாட்டுத் தேயிலை – கடிதம்

வணக்கம் அம்மா,

கல்லூரி நாளிலிருந்து உங்கள் கட்டுரைகளை வாசிக்கிறேன். எனக்கு மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். இப்போது ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் வேலை. அடுத்த மாதத்தோடு இங்கே வந்து ஐந்து ஆண்டு நிறைகிறது. ஜெர்மன் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்று நானும் மனைவியும் பேசிக்கொண்டிருக்கிறோம். கிடைத்துவிட்டால் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். அப்பாவிடம் சொன்னேன். “நாட்டையே விக்கிறியா?” என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

கூட வேலை செய்யும் ஜெர்மானியர் ஒருவரிடம், உன் நாட்டை நினைத்துப் பெருமைப்படுகிறாயா என்று கேட்டேன். சங்கடமாகச் சிரித்தார். கால்பந்து நடக்கும்போது மட்டும் என்றார். பல நாடுகளில் இதே கேள்வியைக் கேட்டு ஆய்வு நடத்துகிறார்கள் என்று பிறகு படித்தேன். மிகவும் பெருமை என்பதில் தொடங்கி பெருமையே இல்லை என்பதுவரை நான்கு விடைகள். எனக்கு எதில் குறியிடுவது என்று தெரியவில்லை. சந்திரயான் இறங்கிய அன்று மதியம் அலுவலகக் கழிப்பறைக்குப் போய் அழுதேன். ஊருக்கு வந்து பட்டா மாறுதலுக்காக நின்றபோது, இந்த நாடே வேண்டாம் என்று தோன்றியது.

பெருமை இல்லாமல் ஒருவன் ஒரு நாட்டின் குடிமகனாக இருக்கலாமா? மூன்று மாதக் குழந்தை இருக்கிறாள். தூதரக வேலை எதையும் அவளுக்கு இன்னும் செய்யவில்லை. எப்படியும் மாறத்தானே போகிறோம் என்று ஒரு சோம்பல். எந்த நாட்டுக்காரி என்று சொல்லி அவளை வளர்ப்பது?

அன்புடன்,
ஆர்.

*

அன்புள்ள ஆர்.,

கடிதங்களுக்கு உடனே பதில் எழுதும் பழக்கம் எனக்கில்லை. உங்களுக்கு எழுதக் காரணம், உங்கள் கடிதம் வந்த அதே வாரத்தில் நீலகிரிக் கூடலூரிலிருந்து என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். அவள் மகனுக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டுமாம். பூர்வீக ஊருக்கு ஆதாரம் எங்கே என்று கேட்கிறார்களாம். அதையே நினைத்துக்கொண்டிருந்தபோது நீங்கள் பெருமையைப் பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறீர்கள்.

சில்லறைக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். ஆய்வுத் தாளில் எதில் குறியிடுவது என்பது ஒரு கவலையே இல்லை. உங்களிடம் யாரும் அந்தத் தாளை நீட்டவில்லை. சந்திரயானுக்கு அழுவதும் பட்டாவுக்கு எரிவதும் ஒரே ஆளுக்கு வருகிறவைதான். அதில் முரண்பாடு தேடி ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் ஜெர்மானிய நண்பரின் சங்கடமும் புதிதில்லை. அங்கே குடியரசுத் தலைவராக இருந்த குஸ்டாவ் ஹைனமனிடம் நாட்டை நேசிக்கிறீர்களா என்று கேட்டதற்கு, நாட்டையெல்லாம் நேசிப்பதில்லை, என் மனைவியை நேசிக்கிறேன் என்றார். ஒரு கட்சியின் பொதுச் செயலாளர் ஜெர்மானியனாக இருப்பதில் பெருமை என்று சொல்லப்போக, 2001-ல் பெரிய சண்டை கிளம்பியது. அப்போது குடியரசுத் தலைவராக இருந்த யோஹன்னஸ் ராவ், ஜெர்மானியராக இருப்பதில் ஒருவர் மகிழலாம், நன்றியோடு இருக்கலாம், ஆனால் தானே செய்து முடித்த ஒன்றைப் பற்றித்தான் பெருமைப்பட முடியும் என்றார். கெட்டிக்காரப் பதில். அந்தப் பதிலோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

குழந்தை விஷயத்தில்தான் எனக்குக் கோபம். வெளிநாட்டில் பிறக்கும் குழந்தை, அப்பாவும் அம்மாவும் இந்தியர் என்பதாலேயே இந்தியக் குடிமகள் ஆகிவிடுவதில்லை. 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவர்கள் என்றால் ஓராண்டுக்குள் தூதரகத்தில் பதிவு செய்தாக வேண்டும். ஜெர்மனியோ, பெற்றோரில் ஒருவராவது ஐந்து ஆண்டு சட்டப்படி அங்கே வாழ்ந்து நிரந்தர வதிவிட உரிமையும் வைத்திருந்தால்தான், அங்கே பிறந்த குழந்தையைத் தன் குடிமகளாகக் கொள்கிறது. உங்களுக்கு அடுத்த மாதம்தான் ஐந்து நிறைகிறது. குழந்தைக்கு மூன்று மாதம். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். இன்று காலை நிலவரப்படி உங்கள் மகள் எந்த நாட்டுக்காரியும் இல்லை. தூதரகத்தில் அப்பாயின்ட்மென்ட் எடுக்கச் சோம்பல்படுகிற அப்பா, மகளிடம் எந்த நாட்டின் பெயரைச் சொல்வது என்று எனக்குத் தத்துவக் கடிதம் எழுதுகிறார்! படித்தவர்களுக்கு மட்டுமே வாய்க்கும் அசட்டுத்தனம் இது. உங்களுக்குத் தாள் எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும். அதனால்தான் தாளைப் பற்றி நினைப்பே இல்லாமல் பெருமையைப் பற்றி நினைக்க முடிகிறது.

நான் ஏன் இப்படித் துள்ளுகிறேன் என்றால், எண்பதுகளின் கடைசியில் கூடலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் எனக்கு வேலை. வகுப்பில் பாதிப் பிள்ளைகள் ‘சிலோன்காரங்க’ பிள்ளைகள். அரசாங்கக் காகிதத்தில் அவர்கள் தாயகம் திரும்பியோர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து, அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே அரசு ஆரம்பித்த டான்டீ தோட்டங்களில் மறுபடியும் கொழுந்து கிள்ளியவர்கள்.

இந்தக் கதை நம்மில் பலருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் மாட்டோம். 1948 பிப்ரவரியில் இலங்கை சுதந்திரம் அடைகிறது. அதே ஆண்டில் குடியுரிமைச் சட்டம் வருகிறது. இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது, உன் அப்பனும் இங்கே பிறந்ததைக் காட்டு, அல்லது பாட்டனும் பூட்டனும் பிறந்ததைக் காட்டு என்று சட்டம் கேட்டது. லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டின் ஒற்றை அறையில், மூன்று தலைமுறையாகப் பெற்று வளர்த்தவர்களிடம் அதற்கு ஏது தாள்? பக்கத்துச் சிங்களக் கிராமத்தில் இருந்தவரிடமும் பெரும்பாலும் இருந்திருக்காது. அவரிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். அடுத்த ஆண்டே ஓட்டும் பறிபோனது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள் அவர்கள். அதன்பின் அவர்களில் ஒருவர், தொண்டைமான், மறுபடி தேர்தலில் வென்று உள்ளே போனது 1977-ல்.

இங்கே நம் தமிழ்ப் பெருமைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தச் சட்டங்களைக் கொண்டுவந்த அரசில் 1948-லேயே போய் மந்திரியானவர் ஜி.ஜி. பொன்னம்பலம். அது பொறுக்காமல் கட்சியை உடைத்துக்கொண்டு வெளியே வந்தவர் செல்வநாயகம். இரண்டு பேரும் தமிழர்கள்தான். மேடையில் தமிழன் என்று சொல்லி நெஞ்சை நிமிர்த்துகிறவர்கள் இதில் எவருடைய வாரிசு என்பதையும் சொல்லிவிட்டு நிமிர்த்தலாம்.

நேருவின் அரசு, அவர்கள் உங்கள் மக்கள், எங்களவர் இல்லை என்று கொழும்பிடம் சொல்லிக்கொண்டிருந்தது. நேரு இறந்து ஐந்து மாதத்தில், 1964 அக்டோபர் 30 அன்று, நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இவர்களைப் பிரித்துக்கொள்ளும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த மிச்சத்தை 1974-ல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். இழவு வீட்டில் பாத்திரம் பிரிப்பதுகூட இதைவிடக் கவனமாக நடக்கும். ஒன்பதே முக்கால் லட்சம் பேரில் ஒருவரைக்கூடக் கூப்பிட்டு உனக்கு எது வேண்டும் என்று கேட்டு எழுதிய எண்கள் இல்லை அவை. பின்னால் விண்ணப்பம் வாங்கியபோதுதான் மக்கள் மனம் தெரிந்தது. இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தவர்கள் ஒதுக்கீட்டைவிடக் குறைவு. இலங்கைக்கு எழுதிக் கொடுத்தவர்கள் ஒதுக்கீட்டைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். 1973, 74-ல் தோட்டங்களில் பட்டினி. 1977-ல் கலவரம். வேண்டாம் என்றிருந்தவர்களும் கிளம்பினார்கள். மலையிலிருந்து தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிப்போன ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர்.

என் மாணவியின் அம்மா அந்தக் கோச்சியில் வந்தவர். அக்கா குடும்பத்துக்கு இலங்கைக் குடியுரிமை கிடைத்தது. இவர் புருஷன் வீட்டார் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். அக்காவும் தங்கையும் ஹட்டன் ஸ்டேஷனில் பிரிந்தார்கள். கண்டியில் கொடுத்த பாஸ்போர்ட், குடும்ப அட்டை, மண்டபம் முகாமில் கொடுத்த சீட்டு எல்லாவற்றையும் ஒரு மலிபன் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். லயத்துக் கூரை ஒழுகினால் பிள்ளைகளை நகர்த்துவதற்கு முன்னால் அந்த டின்னை நகர்த்துவார். மகளுக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டுப்போன அலுவலகத்தில் சொந்த ஊர் எது என்றார்கள். துறையூர்ப் பக்கம் என்று பாட்டன் சொல்லிக் கேள்வி. அப்படியானால் துறையூரில் போய் எழுதி வாங்கி வா என்றார்கள். ஒரு வாரக் கூலியை விட்டுவிட்டுப் போனார். அங்கே இருந்தவர்கள் நல்லவர்கள். மோர் கொடுத்தார்கள். பாட்டன் பெயரைச் சொன்னதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நூறு வருஷத்துக்கு முந்தி தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் கங்காணியோடு போன ஓர் ஆளை எவர் நினைவு வைத்திருப்பார்? ஒரு தலைமுறை கழித்து அதே கேள்விக்கு மகள் இப்போது பதில் தேடிக்கொண்டிருக்கிறாள்.

நீங்கள் கேட்டது பெருமையைப் பற்றி அல்லவா? அந்த அம்மாவிடம் பெருமை இருந்தது. சாதாரணப் பெருமை இல்லை, தாங்க முடியாத பெருமை. ஒருநாள் பள்ளிக்கு வந்தபோது டீ கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

“இதெல்லாம் தேயிலையா டீச்சர்? எங்க நாட்டுத் தேயிலைய நீங்க குடிச்சதில்ல. கொதிக்கிற தண்ணில போட்டா லயம் பூரா மணக்கும்.”

எங்க நாடு! நீ எங்கள் ஆள் இல்லை என்று சட்டம் போட்டு, கோச்சியில் ஏற்றி அனுப்பிய நாடு. அவர் இந்தியாவைப் பற்றி ஒருமுறைகூட அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை, குறையும் சொன்னதில்லை. ஆகஸ்ட் 15-க்கு மகளின் சீருடையைத் தேய்த்து, தலைக்கு ரிப்பன் கட்டி அனுப்புவார். மிட்டாய் வாங்கிக்கொண்டு வரச் சொல்வார். இந்தியக் குடிமகள் என்ற தாள் டின்னுக்குள் பத்திரமாக இருந்தது. பெருமை மட்டும் கடலுக்கு அந்தப் பக்கத்திலேயே தங்கிவிட்டது.

யோஹன்னஸ் ராவோடு எனக்கு வழக்கு இங்கேதான். தானே செய்ததைப் பற்றித்தான் பெருமைப்பட முடியும் என்றால், இலங்கைத் தேயிலையைப் பற்றிப் பெருமைப்பட இந்த அம்மாவைவிட யாருக்கு உரிமை? 1867-ல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. காட்டை வெட்டியவர்கள், சரிவில் கல் அடுக்கியவர்கள், அட்டைக்கடியோடு கொழுந்து கிள்ளியவர்கள் பெயர் இல்லாதவர்கள். ஒரு நாட்டையே உலகத்துக்குத் தெரியவைத்த பண்டம் அவர்கள் கையால் வந்தது. இன்று பொட்டலத்தின்மேல் சிங்க முத்திரை. அந்தச் சிங்கத்தைப் பார்த்துப் பெருமைப்படும் கொழும்பு மனிதர் தன் வாழ்நாளில் ஒரு கொழுந்தையும் தொட்டிருக்க மாட்டார். ராவின் கணக்குப்படி அவருக்கு அந்தப் பெருமை இல்லை, அந்த அம்மாவுக்கு உண்டு. சரி, வைத்துக்கொள்வோம். அந்தப் பெருமையைக் கொண்டுபோய் எந்த அலுவலக ஜன்னலில் நீட்டுவது? உள்ளே உட்கார்ந்திருப்பவர், உன் கை என்ன செய்தது என்று கேட்பதில்லை. உன் அப்பன் எங்கே பிறந்தான் என்று கேட்கிறார். ராவ் சொன்னது நியாயம்தான். ஆனால் எந்த நாளும் ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நின்றிராத ஒருவரின் நியாயம்.

இது பழைய கதை என்று நினைக்காதீர்கள். இலங்கையில் மிச்சமிருந்தவர்களுக்கு முழுக் குடியுரிமை தரும் சட்டம் வந்தது 2003-ல். இங்கே, 1987 ஜூலை 1-க்கு முன்னால் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர் என்பது நம் சட்டம். மண்டபம் அகதிகள் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண் அதை நிலைநாட்ட உயர் நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. 2024 தேர்தலில் முதல்முறையாக அவர் வாக்களித்தார், நாற்பதை நெருங்கும் வயதில். திருச்சி கொட்டப்பட்டு முகாமில் இன்னும் எத்தனையோ பேர் காத்திருக்கிறார்கள். அவர்களிடம் போய் உங்கள் நான்கு விடைத் தாளை நீட்டிப் பாருங்கள். எந்த நாட்டைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்பார்கள்.

உங்கள் கேள்வி எங்கேயோ போய்விட்டது, தெரிகிறது. ஜெர்மன் குடியுரிமை வாங்குங்கள், தம்பி. அங்கே வரி கட்டுகிறீர்கள், அங்கே ஓட்டுப் போடுவது நியாயம். பெருமை வந்தால் வரட்டும், வராவிட்டால் யாரும் வந்து சோதிக்கப் போவதில்லை. 2024-லிருந்து பழைய குடியுரிமையைக் கைவிடு என்று ஜெர்மனி கேட்பதில்லை. கேட்பது நம் சட்டம்தான். அந்த வருத்தத்தை டெல்லியிடம் வையுங்கள்.

அப்பா விஷயம் வேறு. டெல்டாக்காரர்களை எனக்குத் தெரியும். நாடு என்று அவர் சொன்னதில் பாதி நிலமாக இருக்கலாம். ஓ.சி.ஐ. அட்டை, அதாவது வேற்றுநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு தரும் அட்டை, வைத்திருப்பவர் விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது. வாரிசாக வருவதற்குத் தடையில்லை. இதைப் போனில் சொல்லாதீர்கள், மறுபடியும் வைத்துவிடுவார். நேரில் வந்து, பேத்தியை மடியில் போட்டுவிட்டுச் சொல்லுங்கள். அவளுக்கும் விமானம் ஏற ஒரு பாஸ்போர்ட் வேண்டும். திங்கட்கிழமை தூதரகத்துக்கு எழுதுங்கள்.