‘பம்பிங்’ 40 என்றால் பாதி இதயம் போய்விட்டதா?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களைச் சேர்ந்த பலர் ஸ்டென்ட் பொருத்திக்கொள்ளவும் பைபாஸ் அறுவைச் சிகிச்சைக்கும் சேலத்துக்கோ பெங்களூருக்கோ செல்கின்றனர். சிகிச்சை செய்த மருத்துவர் தொலைவில் இருப்பதால், வீடு திரும்பியபின் எழும் ஐயங்களைக் கேட்க ஆளின்றி, அண்டை வீட்டார் சொன்னதைக் கேட்டு மாத்திரையை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. இம்முறை வந்த கேள்விகள் சில.

ஸ்டென்ட் வைத்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. வலி எதுவும் இல்லை. கடைவாய்ப் பல்லை எடுப்பதற்காக, ரத்தம் உறையாமல் இருக்கத் தந்த இரண்டு மாத்திரைகளையும் ஒரு வாரம் நிறுத்தச் சொல்கிறார்கள். நிறுத்தலாமா? (பாலக்கோடு)

உங்கள் இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட் என்பது மெல்லிய உலோக வலைக்குழாய். ரத்தக்குழாயின் உட்சவ்வு அதன்மேல் படர்ந்து மூடும்வரை, ரத்தத் தட்டணுக்கள் அதை அந்நியப் பொருளாகக் கருதி ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். மறுபடியும் அடைப்பு வராமலிருக்க ஸ்டென்டின் மீது பூசப்படும் மருந்து, அந்தச் சவ்வு படர்வதையும் சற்றுத் தாமதப்படுத்துகிறது. ஆகவேதான் மாரடைப்புக்காக ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ஆஸ்பிரினுடன் குளோபிடோக்ரெல் அல்லது டைகாகிரெலார் என இரண்டு மாத்திரைகள் பொதுவாக ஓராண்டு வரை தரப்படுகின்றன. அதன்பின் ஒன்று மட்டும் தொடரும். இடையில் விட்டால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து, முதலில் வந்ததைவிடக் கடுமையான மாரடைப்பு வரக்கூடும். இந்த உறைவு முன்கூட்டி அறிகுறி காட்டிவிட்டு வருவதில்லை என்பதால், வலி இல்லாததை ஒரு காரணமாகக் கொள்ள முடியாது.

ஒரு பல்லை எடுப்பதற்குப் பெரும்பாலும் மாத்திரையை நிறுத்தத் தேவையே இல்லை. பஞ்சு வைத்து அழுத்தியும் தையல் போட்டும் கசிவைக் கட்டுப்படுத்தலாம். குடலிறக்கம் போன்ற அவசரமற்ற அறுவைச் சிகிச்சைகளைத் தள்ளிப்போடலாம். ரத்தக்கசிவு அபாயம் மிகுந்தவர்களுக்கு மருத்துவரே காலத்தைக் குறைப்பதும் உண்டு. டைகாகிரெலார் சிலருக்கு மூச்சு முட்டுவது போன்ற உணர்வைத் தரும். அப்போதும் நீங்களாக விடாமல், மருத்துவரிடம் சொல்லி வேறு மாத்திரைக்கு மாறுவதே முறை.

மாரடைப்புக்குப் பின் எடுத்த எக்கோ ஸ்கேனில் அப்பாவுக்குப் பம்பிங் 40 சதவீதம் என்று வந்திருக்கிறது. ‘அறுபது சதவீத இதயம் போய்விட்டது’ என்று அவர் எழுந்து நடக்கவே அஞ்சுகிறார். (அரூர்)

பரீட்சை மதிப்பெண்ணைப் போல இந்த எண்ணைப் படிப்பதால் வரும் அச்சம் இது. வாரந்தோறும் யாராவது ஒருவர் இதே கணக்கோடு என் முன் வந்து உட்காருகிறார். இடது கீழறையில் நிரம்பிய ரத்தத்தில் எத்தனை சதவீதம் ஒரு துடிப்பில் வெளியேறுகிறது என்பதையே பம்பிங் என்கிறோம். நல்ல உடல்நிலையில் உள்ளவரின் இதயமே 55 முதல் 70 சதவீதம் வரைதான் வெளியேற்றும். ஆகவே உங்கள் தந்தையின் 40 என்பதை 55உடன் ஒப்பிட வேண்டுமே தவிர 100உடன் அல்ல.

மேலும், மாரடைப்பின்போது தசையின் ஒரு பகுதி இறந்துபோனாலும், அதைச் சுற்றியுள்ள பகுதி சில வாரங்கள் செயலிழந்து கிடந்து பிறகு மீள்வதும் உண்டு என்பதால், மாத்திரைகளைத் தவறாமல் எடுத்துக்கொண்டு சுமார் மூன்று மாதம் கழித்து எடுக்கும் எக்கோவைத்தான் நான் நம்புவேன். அதுவரை, மருத்துவர் தடை சொல்லாதவரையில், சமதரையில் பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில் நாள்தோறும் அவர் நடக்கட்டும். காலையில் சிறுநீர் கழித்தபின் எடை பாருங்கள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினாலோ, கால் வீங்கினாலோ, தலையணையை உயர்த்தாமல் படுக்க முடியாவிட்டாலோ நீர் கோத்திருக்கிறது என்று பொருள். உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கேழ்வரகுக் களியால் தீங்கு இல்லை. அதற்குத் தொட்டுக்கொள்ளும் கருவாட்டிலும் ஊறுகாயிலும் உள்ள உப்பைத்தான் குறைக்க வேண்டும்.

அம்மாவுக்கு பைபாஸ் முடிந்து ஐந்து வாரங்கள். ஒரு கால் மட்டும் வீங்குகிறது, இடது மார்பு மரத்திருக்கிறது, காரணமில்லாமல் அழுகிறார். எப்போது வீட்டு வேலை செய்யலாம்? (ஊத்தங்கரை)

வீங்குவது பைபாஸுக்காக ரத்தநாளம் எடுத்த காலாக இருந்தால், உட்காரும்போது அதை உயர்த்தி வையுங்கள். சில வாரங்களில் வடியும். கெண்டைக்கால் இறுகி வலித்தாலோ சிவந்து சூடானாலோ மட்டும் தாமதிக்காமல் காட்ட வேண்டும். மார்புச் சுவரின் உட்புறத் தமனியை எடுத்துப் பயன்படுத்தும்போது அங்குள்ள சிறு நரம்புகள் பாதிக்கப்படுவதால் மரத்துப்போகிறது. மாதக்கணக்கில் மெல்லக் குறையும்.

அழுகையைப் பற்றித்தான் சற்று அதிகமாகச் சொல்ல வேண்டும். பெரிய இதய அறுவைக்குப் பிறகு தூக்கம் கெடுவதும், பசி மந்தமாவதும், மனம் சோர்ந்து கண்ணீர் பெருகுவதும் மிகப் பரவலானவை; ஆனால் ‘உயிர் பிழைத்ததே பெரிது, அழுவானேன்’ என்று வீட்டார் கடிந்துகொள்வதால் நோயாளி அதை மறைக்கக் கற்றுக்கொள்கிறார். பெரும்பாலோருக்கு நாளாக ஆக இது தெளிந்துவிடும். இன்னும் சில வாரங்களுக்குப் பிறகும் நீடித்தால் மனநல மருத்துவரிடம் காட்டுவதில் வெட்கம் எதுவும் இல்லை. மனச்சோர்வு உள்ளவர்கள் மாத்திரையையும் நடையையும் கைவிடுகிறார்கள் என்பதால் இது இதயத்தின் பிரச்சினையும்கூட.

வேலையைப் பொறுத்தவரை, அறுத்துக் கம்பியால் கட்டிய நெஞ்செலும்பு ஒன்றுசேர எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். அதுவரை ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. ஒரு குடம் தண்ணீர் அதைப்போல் மூன்று மடங்கு என்பதை நினைவில் வையுங்கள். கைகளை ஊன்றி எழாமல், ஒருக்களித்துக் காலைத் தொங்கவிட்டு எழ வேண்டும். இருமும்போது தலையணையை மார்போடு அணைத்துக்கொள்ளட்டும். நெஞ்செலும்பு ‘கிளிக்’ என்று அசைந்தாலோ, தழும்பில் சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ அறுவை செய்த இடத்துக்கே செல்லுங்கள்.

கொழுப்பு அளவு இப்போது நார்மல். மாத்திரையை விட்டுவிட்டு, வாட்ஸ்அப்பில் வந்த பூண்டு, இஞ்சி, எலுமிச்சைச் சாற்றைக் குடிக்கலாமா? (சூளகிரி)

அளவு நார்மலாக இருப்பதே மாத்திரையால்தான். நிறுத்தினால் சில வாரங்களில் பழையபடி ஏறும். பூண்டுச் சாறு எந்த அடைப்பையும் கரைப்பதில்லை. ரசத்தில் பூண்டு போட்டுக்கொள்ளத் தடையில்லை.

மகளுக்கு 24 வயது. மிட்ரல் வால்வை மாற்றி உலோக வால்வு வைத்திருக்கிறார்கள். கீரையே சாப்பிடக் கூடாதா? (தேன்கனிக்கோட்டை)

சாப்பிடலாம், அளவு மாறாமல். அவர் உட்கொள்ளும் வார்ஃபரின் அல்லது அசிட்ரோம், வைட்டமின் கே-யின் வேலையைத் தடுத்து ரத்தம் உறைவதைத் தாமதமாக்குகிறது. கீரையில் அந்த வைட்டமின் மிகுதி. ஒரு வாரம் நாள்தோறும் உண்டு, அடுத்த மாதம் முழுவதும் தொடாமல் இருந்தால், ரத்தம் உறைவது எவ்வளவு தாமதமாகிறது என்பதைக் காட்டும் ஐஎன்ஆர் அளவு தாறுமாறாகும். மிட்ரல் உலோக வால்வுக்கு அது பொதுவாக 2.5 முதல் 3.5 வரை இருக்க வேண்டும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகள் ரத்தக்கசிவை உண்டாக்கும் என்பதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: இந்த மாத்திரை, கருவின் தொடக்க வாரங்களில் குழந்தையைப் பாதிக்கக்கூடும். நாள் தள்ளிப்போன பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று காத்திராமல், குழந்தை வேண்டும் என்று எண்ணும்போதே இதய மருத்துவரையும் மகப்பேறு மருத்துவரையும் கலந்து பேச வேண்டும்.

எங்கள் ஊரிலிருந்து பெரிய மருத்துவமனைக்கு வெகுதூரம். ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்தவருக்கு இரவில் வலி வந்தால் என்ன செய்வது? (பென்னாகரம்)

வாயு என்று எண்ணி ஓமநீரும் சோடாவும் குடித்துக் காத்திருப்பதில்தான் பொன்னான நேரம் போகிறது. நெஞ்சுவலியைத் தணிக்கும் சோர்பிட்ரேட் மாத்திரையை மருத்துவர் எழுதித் தந்திருந்தால், நிற்காமல் உட்கார்ந்தபடி ஒன்றை நாக்கின் அடியில் வையுங்கள். ஐந்து நிமிடத்தில் வலி அடங்காவிட்டால் 108ஐ அழையுங்கள். இருசக்கர வாகனத்தில் நடுவில் உட்காரவைத்து அழைத்துச் செல்லாதீர்கள். 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டாட்டின் 8 என 14 மாத்திரைகளை முதல் தவணையாகக் கொடுத்து மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். உங்கள் பகுதியில் இரவிலும் இயங்கும் நிலையம் எது என்பதை இன்றே விசாரித்து வையுங்கள். பழைய ஈசிஜியையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஒரே உறையில் போட்டு, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வைத்திருங்கள். புதிய ஈசிஜியில் தெரிவது பழைய தழும்பா, புதிய அடைப்பா என்று மருத்துவர் முடிவு செய்ய அது உதவும்.