கொழும்புப் பக்கம் நாலைந்து கறவை மாடு வளர்க்க எந்த இனம் நல்லது? நோய் வராமல் எப்படிப் பார்ப்பது?

வத்தளைப் பக்கம் காணி இருக்கிறது, நாலைந்து மாடு வாங்க எண்ணம் என்று எழுதியிருக்கிறீர்கள். இனத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இந்தப் புழுக்கத்தில் தனிப் பிரீசியன் நாள் முழுக்க மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும். ஜேர்சியும் சாகிவாலும் கலந்த மாடு தாக்குப்பிடிக்கும், பால் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

நான் பெரிதாக நினைப்பது மாடு எங்கேயிருந்து வருகிறது என்பதைத்தான். நோய் அநேகமாக லொறியில் வந்து இறங்கும், இல்லாவிட்டால் இரவல் நாம்பனோடு வரும். தரகர் நாலு இடத்தில் சேர்த்த மாடுகளை வாங்கினால் நாலு இடத்து நோயும் இலவசம். ஒரே பட்டியில் வாங்குங்கள், விற்பவரிடம் போன ஈற்றில் கன்று வீசியதா (குறை மாதத்தில் போட்டதா), இளங்கொடி விழாமல் நின்றதா என்று நேரே கேளுங்கள், ஏனென்றால் புருசெல்லா என்ற கன்று வீச்சு நோய் உள்ள மாடு சினையின் கடைசி மாதங்களில் கன்றை வீசிவிட்டு அதற்குப் பிறகு பார்க்க நல்ல கொழுகொழு என்றுதான் நிற்கும், அதனால்தான் அதை விற்கவும் முடிகிறது. காசு கொடுக்க முதல் மிருக வைத்தியரைக் கொண்டு இரத்தம் எடுத்துச் சோதியுங்கள். சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் ஏற்றவும் வேண்டாம்.

கொண்டுவந்த மாட்டை ஒரு மாதமாவது மற்றவற்றோடு கட்டாதீர்கள். தண்ணீர்த் தொட்டி வேறு, வாளி வேறு, பால் கறப்பதும் கடைசியாக. கால்வாய் நோய் (காலிலும் வாயிலும் புண் வரும் தொற்று) என்றால் அதற்குள் தெரிந்துவிடும்: வாயில் நூல் நூலாக எச்சில் வடியும், உதட்டைச் சப்புக்கொட்டும், காலை மாற்றி மாற்றித் தூக்கும், நாக்கைப் பிடித்துப் பார்த்தால் தோல் உரிந்து சிவந்திருக்கும். பெரிய மாடு பெரும்பாலும் தப்பிவிடும், கன்றுக்கு இதயத்தைத் தாக்கினால் புண் தெரியவே முதல் செத்துவிடும். வாசலில் பத்து லீற்றர் தண்ணீருக்கு 400 கிராம் சலவைச் சோடா கரைத்து வைத்து, பால் எடுக்க வருகிறவர் உட்பட எல்லாரையும் செருப்போடு அதில் மிதித்து வரச் சொல்லுங்கள். சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

2020 இல் வடக்கில் தலைகாட்டிய தோல் கழலை நோய் வேறு மாதிரி. கடிக்கிற ஈயும் நுளம்பும் பரப்பும் என்பதால் வேலி போட்டுப் பயனில்லை, அதிலும் முத்துராஜவெலச் சதுப்பு பக்கத்திலேயே கிடக்கிறது. தடுப்பூசி, பின்னேரப் புகை, அன்றாடம் சாணி அள்ளுவது, இவைதான் வழி. கால்வாய் நோய்க்குத் தடுப்பூசி ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, நாகு கன்றுக்கு நாலு முதல் எட்டு மாத வயதுக்குள் புருசெல்லாவுக்கு ஒரே ஒரு தடவை (சினை மாட்டுக்கு அந்த ஊசியைப் போட்டால் கன்று வீசிவிடும்). தொண்டை அடைப்பான், சப்பை நோய்க்கு உங்கள் பகுதியில் தேவையா என்று மிருக வைத்தியர் சொல்வார்.

அப்புறம் பெருக்குவது. அயலில் சும்மா கிடைக்கிற நாம்பன் ஒரு மாட்டிலிருந்து இன்னொரு மாட்டுக்குக் கிருமியைக் கடத்திக்கொண்டே போகும், பிறகு மாடு சினை நிற்கவில்லை, திரும்பத் திரும்பக் கத்துகிறது என்று புலம்ப வேண்டியதுதான். நாம்பனை விடாமல், காளையின் விந்தைச் செலுத்தும் சினை ஊசியே போடுங்கள். காலையில் மாடு கத்தி, கண்ணாடி போல் சளி தொங்கினால் பின்னேரம் ஊசி, பின்னேரம் கண்டால் மறுநாள் காலை. தவறினால் இன்னும் 21 நாள் காத்திருக்க வேண்டும். எந்தக் காளையின் ஊசி என்ற இலக்கத்தை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் மூன்றாம் வருடம் மகளுக்கும் அதே தகப்பன் வந்துவிடுவான். இப்படி உங்கள் கன்றுகளையே வளர்த்துப் பட்டியை நிரப்பினால் வெளியிலிருந்து மாடு வாங்கும் தேவையே குறையும். கன்று விழுந்ததும் முதல் ஆறு மணித்தியாலத்துக்குள் கடும்புப் பால் வயிறு நிறையக் குடிக்க வேண்டும், அதற்கு ஈடாக எந்த மருந்தும் இல்லை.

இளங்கொடியைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடும் வழக்கம் நம்மவர்களிடம் உண்டு. அதில் எனக்குச் சண்டையில்லை, ஆனால் கன்று வீசிய மாட்டின் கொடியை வெறுங்கையால் தொடாமல் ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுத் தாழுங்கள், புருசெல்லா மனிதருக்கும் வரும். அந்த மாட்டின் பாலைச் சோதனை முடிவு வரும்வரை யாருக்கும் கொடுக்காதீர்கள்.