22 வருடமாக வயதானவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டது: கேள்வி பதில்

வணக்கம். நான் பிசியோதெரபிஸ்ட். வட சென்னையில் ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, பெரம்பூர் பக்கம் 22 வருடமாக வீட்டுக்கே போய் வயதானவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். பக்கவாதம் வந்தவர்கள், இடுப்பு எலும்பு முறிந்தவர்கள், முட்டி தேய்ந்தவர்கள். ஒருவருடைய காலை முக்கால் மணி நேரம் மடக்கி நீட்டும்போது வலி தெரியாமல் இருக்கப் பேச்சுக் கொடுப்பேன், அவர்களும் பேசிக்கொண்டே இருப்பார்கள். நல்லபடியாக வாழ்ந்தோம் என்கிறவர்கள் எதைச் சொல்கிறார்கள், எதற்கு வருத்தப்படுகிறார்கள், இதுதான் எனக்குத் தெரியும். பெயருக்குப் பதில் உங்கள் ஏரியாவைப் போட்டுக் கேளுங்கள்.

மாதவரம்: அக்கா, சந்தோஷமா வாழ அவங்க சொல்ற ஒரே ஒரு விஷயம் என்ன?

ஒன்றே ஒன்று என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் வருத்தம் என்று எடுத்தால், பேசாமல் விட்ட ஆளைப் பற்றித்தான் அதிகம் கேட்டிருக்கிறேன். தண்டையார்பேட்டையில் 81 வயதுப் பெரியவர் ஒருவர், பொதுச்சுவர் தகராறில் கூடப்பிறந்த தம்பியோடு 19 வருடம் பேச்சுவார்த்தை இல்லை. தம்பி இறந்த அன்று தெருமுனை வரை போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார். தோள்பட்டைக்குப் பயிற்சி கொடுக்கும்போது கையைத் தூக்கச் சொன்னால் ஜன்னல் பக்கம் கை நீட்டி "அங்கதாம்மா இருந்துச்சு அந்தச் சுவரு" என்பார். இரண்டு வீட்டையும் இடித்து அடுக்குமாடி கட்டியாகிவிட்டது, சுவரும் இல்லை.

காசிமேடு: எங்க ஆயாவுக்கு 76. மீன் விக்கறத நிறுத்துன்னா கேக்க மாட்டேங்குது. வீட்ல வசதிக்குக் குறைவில்ல. எப்படிப் புரிய வைக்கிறது?

புரிய வைக்காதீர்கள். இதே மாதிரி ஒரு அம்மாவை எனக்குத் தெரியும், வயது 78. விடியற்காலை ஏலத்துக்குப் பேத்தி வீட்டுக்காரரோடு போய் சங்கராவும் காரப்பொடியும் எடுத்துக்கொண்டு வந்து, மதியம் வரை அதே இடத்தில் உட்காருவார். முட்டிக்காக நான் போனபோது அவர் மகன் உங்களைப் போலத்தான் கேட்டார், நானும் அப்போது விவரம் தெரியாமல் நிறுத்தச் சொல்லிவிட்டேன். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாத 61 நாள். வரத்து குறைவு, அம்மா வீட்டிலேயே இருந்தார். அந்த இரண்டு மாதத்தில்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமில்லை, முட்டி வலியும் அதிகமானது. "சும்மா குந்திக்கினு இருந்தா கை கால் மரத்துப்பூடுதும்மா, அங்க போனா என்னைய நாலு பேரு தேடுவாங்க" என்றார். அந்தக் கடைசி வார்த்தையைக் கவனியுங்கள். ஒருநாள் அவர் வரவில்லை என்றால் பக்கத்துக் கூடைக்காரம்மா ஆள் அனுப்பிக் கேட்பார். வீட்டில் நாம் கொடுக்கும் சோறும் ஃபேனும் அதற்கு ஈடாகாது.

நீங்கள் செய்ய வேண்டியது வேறு. தரையில் உட்காராமல் இருக்க உயரமான பலகை போட்டுக் கொடுங்கள், ஐஸ் பெட்டியை வேறு ஆள் தூக்கட்டும், வீட்டுப் பாத்ரூமில் கைப்பிடி வையுங்கள். அப்புறம், ஆயா பேரில் வீடு இருந்தால் அது ஆயா பேரிலேயே இருக்கட்டும்.

பெரம்பூர்: இதுக்கெல்லாம் ஆராய்ச்சி ஏதும் இருக்கா, இல்ல அனுபவம் மட்டும்தானா?

இருக்கிறது. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1938-இல் தொடங்கி இன்னும் நடத்துகிற ஆய்வு ஒன்று. கல்லூரி மாணவர்களையும் பாஸ்டன் நகரத்து ஏழை வீட்டுப் பையன்களையும் சேர்த்து 724 பேரை வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்தார்கள். 50 வயதில் உறவுகளில் நிறைவாக இருந்தவர்கள்தான் 80 வயதில் ஆரோக்கியமாக இருந்தார்கள், கொலஸ்ட்ரால் அளவைவிட அதுதான் சரியாகக் காட்டிக்கொடுத்தது என்கிறார்கள். ஆனால் ஆரம்பத்தில் எடுத்த 724 பேரும் ஆண்கள்.

மூலக்கடை: 90 வயசு வரைக்கும் இருக்கறவங்க என்ன சாப்பிடுறாங்க?

எல்லாம் சாப்பிடுகிறார்கள். உணவு என் துறை இல்லை. சர்க்கரை, பிரஷர் இருந்தால் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் வீட்டுக்கே வருவார்கள், அவர்களிடம் கேளுங்கள்.

எருக்கஞ்சேரி: சிம்பிளா ஒரே ஒரு பாடம் சொல்லுங்க மேடம்.

முதல் கேள்வியின் பதிலைப் படியுங்கள்.

கொருக்குப்பேட்டை: பெரியவங்க சொல்றத எல்லாம் இவ்வளவு நல்லதா சொல்றீங்க. எங்க ஆயா எங்கம்மாவுக்குச் சொன்ன ஒரே அறிவுரை "பொறுத்துப் போ". எங்கம்மா 25 வருஷம் அடி வாங்கினாங்க. இதையும் பாடமா எடுத்துக்கணுமா?

எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் ஏற்கெனவே சொல்லியிருக்க வேண்டியது இது. பெரியவர்கள் கொடுக்கும் அறிவுரை ஒன்று, அவர்கள் வாழ்ந்தது இன்னொன்று. அறிவுரை என்று கேட்டால் அவர்களுக்கு அவர்களுடைய பெரியவர்கள் சொன்னதையே திருப்பிச் சொல்வார்கள். "அன்னைக்கு என்ன ஆச்சு, உனக்கு எப்படி இருந்துச்சு" என்று கேட்டால்தான் உள்ளே இருப்பது வரும்.

எண்ணூர்: அப்படிப் பொறுத்துப் போனதாலதான் அந்தக் காலத்துல குடும்பம் உடையாம இருந்தது. இப்போ பாருங்க, எதுக்கெடுத்தாலும் கோர்ட்டு.

ஐயா, உங்கள் வயது தெரியவில்லை, மரியாதையோடுதான் சொல்கிறேன், இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உடையாமல் இருந்த வீடுகளுக்குள்தான் நான் தினமும் போகிறேன். பழைய வண்ணாரப்பேட்டையில் 84 வயது அம்மா, இடது மணிக்கட்டு கோணலாகச் சேர்ந்திருந்தது. எப்போது முறிந்தது என்று கேட்டேன். மருமகள் காபி எடுக்கப் போன பிறகு "பெரியவன் வயித்துல இருக்கும்போது" என்றார். ஐம்பது வருடத்துக்கு மேல் கீழே விழுந்ததாகத்தான் வீட்டில் எல்லோருக்கும் கணக்கு. அதற்கப்புறம் அவர் சொன்னது: "நான் பொறுத்தது போவட்டும். என் பொண்ணு அழுதுக்கினு வந்தப்போ திருப்பி அனுப்புனேன் பாரு, அதான் என்னால ஆத்திக்க முடியல." கொருக்குப்பேட்டையிலிருந்து கேட்டவரின் ஆயா சொன்ன அதே வார்த்தையைச் சொன்னவர்தான் இவரும்.

எண்ணூர்: ஒருத்தர் சொன்னத வச்சு எல்லாரையும் சொல்லக் கூடாது. எங்க வீட்ல அம்மா அப்பா 52 வருஷம் விட்டுக் கொடுத்துதான் வாழ்ந்தாங்க.

இருவரும் விட்டுக்கொடுத்திருந்தால் அது வேறு, அந்த வீடுகளையும் பார்த்திருக்கிறேன். மனைவிக்கு இடுப்பு முறிந்த பிறகு தினமும் தலை பின்னிவிடக் கற்றுக்கொண்ட 79 வயதுப் பெரியவர் இருக்கிறார், பின்னல் கோணலாகத்தான் வரும், அந்தம்மா அதை அவிழ்க்கவே மாட்டார். ஒருவர் மட்டும் பொறுத்துக்கொண்டே இருந்தால் அதற்கு விட்டுக்கொடுத்தல் என்று பெயர் வைக்காதீர்கள்.

கொருக்குப்பேட்டை: எங்கம்மாவுக்கு இப்போ 61. இதெல்லாம் கேட்டா வருத்தப்படுவாங்களோன்னு நான் கேட்டதே இல்ல.

மெதுவாகக் கேட்டுப் பாருங்கள், அவருக்கு விருப்பமில்லை என்றால் விட்டுவிடுங்கள். இப்போதும் அடி இருக்கிறதென்றால் பெண்கள் உதவி எண் 181-க்குப் பேசுங்கள், வயது ஒரு தடையில்லை.

புளியந்தோப்பு: பணம் இல்லாத வயசானவங்களுக்கு உறவு, அர்த்தம்னு பேசி என்ன பிரயோஜனம்?

நியாயமான கேள்வி. பணம் வேண்டும். பின்னி நெசவு மில் 1996-இல் மூடியபோது வேலை இழந்தவர்களுக்கு நான் பயிற்சி கொடுத்திருக்கிறேன். பாக்கிப் பணம் எப்போது வரும் என்று காத்திருந்தே உடம்பு போனவர்கள் அவர்களில் உண்டு. அவர்களிடம் போய் மனநிறைவு பற்றிப் பேசினால் அது அக்கிரமம். ஆனால் அதே மில்லில் நெசவில் இருந்த ஒருவர் சொன்னார், சம்பளம் போனது ஒரு அடி, கூட வேலை பார்த்த செட்டு போனது அதைவிடப் பெரிய அடி என்று. அதனால் அவரும் நாலு பேரும் ஷிஃப்ட்டுக்குக் கிளம்புகிற அதே நேரத்துக்கு ஒரு டீக்கடையில் கூடினார்கள், 20 வருடத்துக்கு மேல். ஐந்து பேரில் இப்போது இரண்டு பேர். இவருக்குக் கால் வராததால் மற்றவர் இவர் வீட்டுக்கு ஃபிளாஸ்க்கில் டீ கொண்டு வருகிறார். பணம் இவர்களுக்கும் பெரிதாக வரவில்லை. இருக்கிற சின்ன வீட்டையும் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

திருவொற்றியூர்: வீட்டை எழுதிக் கொடுக்காதேன்னு ஏன் திரும்பத் திரும்பச் சொல்றீங்க?

எழுதிக் கொடுத்த பிறகு கட்டில் ஹாலிலிருந்து வராண்டாவுக்கு நகர்வதைக் கண்ணால் பார்த்திருப்பதால். எல்லாப் பிள்ளைகளும் அப்படி இல்லை. உயில் எழுதுங்கள், உங்கள் காலத்துக்குப் பின்தான் அது செல்லும், நடுவில் மாற்றவும் செய்யலாம். உயிரோடு இருக்கும்போதே எழுதிக் கொடுக்கும் செட்டில்மென்ட்தான் என்றால், கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007, பிரிவு 23-இன் கீழ் அதை வைத்து ரத்து கேட்க முடியும். மேலே வேண்டியதை வக்கீலிடம் கேளுங்கள். முதியோர் உதவி எண் 14567.

வியாசர்பாடி: ஒரே வரியில மகிழ்ச்சியான வாழ்க்கைக்கு ஒரு டிப்ஸ்?

மூன்றாவது முறை. கிடையாது.

ராயபுரம்: எங்க தாத்தா பேசவே மாட்டார். எப்படி ஆரம்பிக்கிறது?

"சொல்லு தாத்தா" என்று எதிரே உட்காராதீர்கள். கைக்கு வேலை கொடுங்கள். பட்டாணி உரிக்கலாம், கேரம் போர்டு போடலாம், நகம் வெட்டிவிடலாம். முகத்தைப் பார்க்காமல் இருந்தால் ஆண்கள் சீக்கிரம் பேசுவார்கள். முதல் சம்பளம் எவ்வளவு, அதில் என்ன வாங்கினார் என்று கேளுங்கள். அவர் நிறுத்தினால் நீங்களும் சும்மா இருங்கள். அடுத்த வாக்கியம் வர ஐந்து நிமிடம்கூட ஆகும், அந்த நேரத்தில் போனை எடுத்துவிடாதீர்கள்.

தண்டையார்பேட்டை: அம்மா பேர்ல இருக்கற வீட்டை இன்னிக்கு மதியம் அண்ணனுக்கு எழுதறாங்க. அம்மா சரின்னுதான் சொல்றாங்க. போகட்டுமா?

இன்றைக்கு வேண்டாம். அம்மாவைத் தனியாக உட்காரவைத்து, அண்ணனும் நீங்களும் இல்லாமல், ஒரு வக்கீல் பத்திரத்தை வரிவரியாகப் படித்துக் காட்டட்டும். அப்புறமும் சரி என்றால் அது அவர் முடிவு. எனக்குப் பதினோரு மணிக்கு டோல்கேட் பக்கம் ஒரு வீட்டில் பயிற்சி இருக்கிறது, மீதிக் கேள்விகளுக்கு ராத்திரி பதில் சொல்கிறேன். நீங்கள் முதலில் அண்ணனுக்குப் போன் போடுங்கள்.