மழைக்கு வழக்கில்லை, முகநூலுக்கு உண்டு

கொட்டகலையிலிருந்து ஓர் ஆசிரியர் ஆறு பக்கத்தில் எழுதியிருக்கிறார். சுருக்கிச் சொன்னால் இதுதான்: டிசம்பர் குளிருக்குத் தப்பி மூன்று நாள் வெயில் காய்வோம் என்று தாயார், மனைவி, இரண்டு பிள்ளைகளோடு பாசிக்குடாவில் ஒரு கடற்கரை ஹோட்டலுக்குப் போயிருக்கிறார். 24ஆம் திகதி முதல் 27 வரை, இரண்டு ரூம், 186,000 ரூபா. மூன்று நாளும் மழை. நீச்சல் தடாகம் திருத்த வேலையில் காய்ந்து கிடந்தது. கடல் பார்த்த ரூம் கேட்டவருக்கு ஜெனரேட்டர் பார்த்த ரூம். சாப்பாடு ஆறிப்போய் வந்தது. "மழைக்கு நாங்க என்ன செய்ய?" என்று முகாமையாளர் சிரித்தாராம். ஊருக்குத் திரும்பியதும் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, முகாமையாளரின் படத்தைப் போட்டு, "கள்ளக் கூட்டம், பழைய மீனைக் கொடுத்து பிள்ளைக்கு வருத்தம் வர வைத்தவர்கள்" என்று முகநூலில் எழுதினார். ஆசிரியர் அதைப் பகிர்ந்தார். ஹோட்டல் முதலில் 40,000 ரூபாவும் ஓர் இரவு இலவசத் தங்கலும் தருவதாகச் சொன்னது. இவர் மறுத்தார். இப்போது 50 லட்சம் மானநட்டம் கேட்டு, 14 நாள் தவணையோடு லோயர் கடிதம் வந்திருக்கிறது. முழுப் பணத்தையும், மன உளைச்சலுக்கு 5 லட்சத்தையும் வாங்க முடியுமா, எதிர்வழக்குப் போடலாமா என்று கேட்கிறார்.

மாஸ்டர், அந்த ஆறு பக்கத்தில் எனக்குத் தேவைப்பட்டது ஒரு வரிதான். ஹோட்டல் அனுப்பிய உறுதிப்படுத்தல் மின்னஞ்சலில், "கடல் நோக்கிய அறை 2, மேலதிகக் கட்டணம் அறைக்கு ஓர் இரவுக்கு 9,000" என்று இருக்கிறது. எழுத்தில் சொல்லி, காசும் வாங்கி, கொடுக்காமல் விட்ட ஒரு பொருள் அது. இரண்டு அறை, மூன்று இரவு, 54,000 ரூபா. மின்னஞ்சல் எழுத்தாகுமா என்று கவலைப்பட வேண்டாம், 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டம் அதற்கு வழி விட்டிருக்கிறது. உங்கள் வழக்கு அந்த 54,000 ரூபாதான்.

மழையை மறந்துவிடுங்கள். கிழக்குக் கரைக்கு டிசம்பர் வடகீழ்ப் பருவப்பெயர்ச்சிக் காலம். ஊர் சிறு பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். அந்த மாதத்தில் வெயில் வேண்டியவர்கள் பெந்தோட்டை, ஹிக்கடுவைப் பக்கம் போவார்கள். விளம்பரத்தில் சூரியன் படம் இருந்தது என்பதற்காக ஹோட்டல் சூரியனை விற்றதாக ஆகாது. ஆறிய சாப்பாடும் முகாமையாளரின் சிரிப்பும் அப்படித்தான். நீச்சல் தடாகத்தில் மட்டும் கொஞ்சம் சத்து இருக்கிறது: நீங்கள் காசு கட்டிய நாளிலேயே அது மூடியிருந்தது, தெரிந்துகொண்டே மறைத்தார்கள் என்று காட்ட முடிந்தால், பாவனையாளரைத் தவறாக வழிநடத்துவது பற்றிப் பேசும், பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவைப் பேரத்தில் எடுத்து வைக்கலாம்.

மன உளைச்சலுக்கு 5 லட்சம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று ஊகிக்கிறேன். இணையத்தில் தேடினால் ஜார்விஸ் எதிர் ஸ்வான்ஸ் டூர்ஸ் என்ற ஆங்கிலேய வழக்கு கண்ணில் படும். சுவிட்சர்லாந்தில் குளிர்கால விடுமுறை சொதப்பிப்போன ஒருவருக்கு, கட்டிய 63 பவுண் சொச்சத்தைவிடக் கூடுதலாக, 125 பவுண் தீர்ப்பானது. அவரும் ஒரு சட்டத்தரணி என்பதில் எங்களுக்கெல்லாம் ஓர் அற்ப சந்தோஷம். ஆனால் நமது ஒப்பந்தச் சட்டத்தின் அடி, ஒல்லாந்தர் விட்டுப்போன ரோமன்-டச்சுச் சட்டம். ஒப்பந்தம் மீறினால் பணத்தில் அளந்து காட்டக்கூடிய நட்டத்தைத்தான் அது பெரும்பாலும் பார்க்கும். அந்த 5 லட்சத்தைக் கணக்கிலிருந்து வெட்டிவிடுங்கள்.

சரி, இனி பயப்பட வேண்டிய இடத்துக்கு வருவோம்.

குற்றவியல் மானநட்டம் 2002இல் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. மானநட்டத்துக்காகப் பொலிஸ் வந்து பிடிக்கும் என்று அம்மா அழத் தேவையில்லை. சிவில் வழக்கு இருக்கிறது. அதில் "நாங்கள் எழுதியது உண்மை" என்று சொன்னால் போதும் என்றுதான் என்னிடம் வருகிற எல்லோரும் நினைக்கிறார்கள். நமது சட்டத்தில் உண்மையோடு பொது நன்மையும் சேர்ந்து நிற்க வேண்டும், இரண்டையும் நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். கடல் பார்த்த ரூம் தரவில்லை என்று எழுதியிருந்தால் உங்களை அசைக்க முடியாது. "கள்ளக் கூட்டம்" என்பது குற்றச்சாட்டு. பழைய மீன் என்பதற்கு மருந்துத் துண்டு ஒன்று உண்டா? கடிதத்தில் இல்லை, ஆகவே இல்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். முகாமையாளரின் முகத்தைப் போட்டதால், ஹோட்டலுக்கு ஒரு வழக்கு, அந்த மனிதருக்குத் தனியாக இன்னொரு வழக்கு என்று இரண்டு கதவு திறந்து விட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதவில்லை, பகிர்ந்ததுதானே என்பதும் எடுபடாது. பகிர்வதும் பிரசுரம்தான்.

50 லட்சம் கிடைக்கப்போவதில்லை. அது மிரட்டும் தொகை. ஆனால் கம்பனியின் தலைமை அலுவலகம் கொழும்பில் என்று கடிதத்தலைப்பு சொல்கிறது. பதிவை அங்கேயும் வாசித்தார்கள் என்று சொல்லி அங்கேயே வழக்கை வைப்பார்கள். ஒவ்வொரு தவணைக்கும் பாடசாலைக்கு லீவு போட்டு, விடியற்காலை பஸ்ஸில் இறங்கி, அங்கே ஒரு சட்டத்தரணிக்கும் காசு கட்டி. பண்டாரவளையில் எனக்கு ஒரு கட்சிக்காரர் இருந்தார், கல்யாண மண்டபக்காரரிடம் வரவேண்டியது 35,000. கோபத்தில் முகநூலில் எழுதினார். நாலாவது வருடம் சமரசமானபோது மண்டபக்காரர் ஒரு சதமும் தரவில்லை, இவர் எனக்கு மட்டும் அதைப்போல மூன்று மடங்கு கட்டியிருந்தார். நான் சந்தோஷப்பட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

இதைவிட மோசமான ஒன்றை நீங்கள் கடைசி இணைப்பில், ஏதோ சாட்சி என்று நினைத்து, அனுப்பியிருக்கிறீர்கள். பதிவு போடுவதற்கு முதல் நாள் மச்சான் முகாமையாளருக்கு அனுப்பிய வட்ஸ்அப்: "24 மணித்தியாலத்துல காசு போடாட்டி உன் படத்தோட நாறடிப்பேன்." தண்டனைச் சட்டக்கோவை 372ஆம் பிரிவு கப்பம் பற்றியது. இந்தச் செய்தி அதற்குள் விழும் என்று நான் சொல்லவில்லை. விழும் என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி ஒரு பொலிஸ் முறைப்பாடு எழுதிக் கொடுத்தால், மச்சான் வாக்குமூலம் கொடுக்கப் போக வேண்டும். வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறார் என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். இந்தச் செய்தியை அவர்கள் இன்னும் கையில் எடுக்காதது உங்கள் அதிர்ஷ்டம். எதிர்வழக்குப் போட்டால் எடுப்பார்கள்.

ஆகவே செய்ய வேண்டியது சமரசம். பதிவை இன்றே நீக்குங்கள். நீக்கும் முன் பின்னூட்டங்களோடு முழுதாகப் படம் பிடித்து வையுங்கள். வட்ஸ்அப்பை மட்டும் அழிக்காதீர்கள், அவர்களிடம் பிரதி இருக்கும், அழித்தவர் என்ற பெயர்தான் மிஞ்சும். கடிதத்துக்கு 14 நாளுக்குள் ஒரு சட்டத்தரணி மூலம், "உரிமைகளுக்குப் பாதிப்பின்றி" (சமரசத்துக்காகச் சொல்வதைப் பிறகு எங்களுக்கு எதிராகக் காட்டக்கூடாது என்று பொருள்) என்ற தலைப்போடு பதில் போகட்டும். எழுதிய விதத்துக்கு வருந்துகிறோம் என்று சொல்லலாம். எழுதியது பொய் என்று மட்டும் எங்கேயும் எழுதாதீர்கள், அது 54,000 ரூபாவையும் கொண்டுபோய்விடும்.

40,000 தந்தால் வாங்குங்கள். இலவச இரவு வேண்டாம், அதற்குப் பதிலாக 10,000 காசாகக் கேட்டுப் பாருங்கள். சமரசப் பத்திரத்தில் ஆட்கள் கோட்டைவிடும் இடம் ஒன்று இருக்கிறது. காசு கட்டியவர் நீங்கள், எழுதியவர் மச்சான். உங்கள் பெயர் மட்டும் போட்டு முடித்தால், உங்கள் கோரிக்கை தீர்ந்துவிடும், அவர் மீதான அவர்களது கோரிக்கை உயிரோடு இருக்கும். மானநட்டத்துக்கு வழக்கிட அவர்களுக்கு இரண்டு வருடம் உண்டு. நீங்கள், மனைவி, மச்சான் ஒரு பக்கம், கம்பனியும் முகாமையாளரும் மறுபக்கம், ஐந்து பேரும் அதில் இருக்க வேண்டும். இருபக்கமும் எல்லாக் கோரிக்கையையும் கைவிடுவதாக, பொலிஸ் முறைப்பாடும் இல்லையென்று, ஒரே தாளில். பணம் வங்கிக்கு வந்த பிறகு கையொப்பம்.

அவர்கள் மசியாவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுதுங்கள். எழுத்து ஒப்பந்தத்துக்கு ஆறு வருடம் இருக்கிறது என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது நீதிமன்றத்துக்கு. அதிகாரசபைக்குச் சேவை கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதம்தான், உங்களுக்கு மார்ச் 27க்கு முன். அதே குறைகளை மச்சான் முகநூலில் எழுதாமல் அங்கே எழுதியிருந்தால், கெட்ட நோக்கம் காட்டப்படாதவரை மானநட்டத்துக்கு எதிரான பாதுகாப்பும் இருந்திருக்கும். நீதிமன்றம் போவதானால் இந்தத் தொகைக்கு முதலில் மத்தியஸ்த சபை, நம் ஊரில் இன்னும் இணக்க சபை என்றுதான் சொல்கிறார்கள். அதன்பின் வழக்கு, ஹோட்டல் இருக்கும் வாழைச்சேனைப் பக்கம் என்றே எண்ணிக்கொள்ளுங்கள்.

மச்சானையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவருடைய ஃபோனோடு.