நாப்பதாயிரம் குடுத்து 'லைசென்ஸ்' வாங்காதீங்க, கவுன்சலிங் ரூம் திறக்க அது தேவையே இல்ல

கேள்வி: எம்.எஸ்சி. கவுன்சலிங் சைக்காலஜி முடிச்சு ஒரு ஸ்கூல்ல கவுன்சலரா இருந்தேன். தண்டையார்பேட்டைல எங்க சொந்த வீட்டு முன்ரூம்ல ப்ராக்டிஸ் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். ஒரு கன்சல்டன்ட் 'கவர்மென்ட் அப்ரூவ்டு தெரபிஸ்ட் லைசென்ஸ்' எடுத்துத் தரேன், நாப்பதாயிரம் ஆகும், அது இல்லாம போர்டு மாட்டினா கேஸ் ஆயிடும்னு சொல்றார். ஈபி கனெக்‌ஷனையும் கமர்ஷியலா மாத்தணுமாம். என்ன செய்யறது மேடம்?

பதில்: பணம் இன்னும் குடுக்கலைனா குடுக்காதீங்கம்மா. அந்தப் பேர்ல ஒரு லைசென்ஸே கிடையாது.

அந்த ஆளு என்ன தருவார்னு சொல்றேன். முதல்ல ஒரு உத்யம் சர்டிபிகேட், அசோகச் சின்னம்லாம் போட்டு கலர் பிரின்ட் எடுத்து லேமினேட் பண்ணித் தருவார், பாத்தா கவர்மென்ட் அனுமதி மாதிரியே இருக்கும். அது சிறுதொழில் பதிவு, அவ்ளோதான். ஆதார், பான், போனுக்கு வர்ற ஓடிபி இருந்தா அரசாங்க வெப்சைட்ல நீங்களே போட்டுக்கலாம், ஒரு பைசா கட்டணம் இல்ல, ஆனா அதே மாதிரி டிசைன்ல ஏகப்பட்ட தனியார் சைட் காசு கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கு, அதுல மாட்டாதீங்க. பேங்க்ல கரன்ட் அக்கவுன்ட் திறக்க உத்யம் உதவும், உங்களுக்குத் தெரபி தெரியும்னு அது சொல்லாது. அப்புறம் ஐஎஸ்ஓன்னு ஒரு தரச் சான்றிதழ் பேப்பர், எங்கயோ ஒரு 'இன்டர்நேஷனல் கவுன்சில்' மெம்பர்ஷிப் கார்டு. இந்த மூணும் சேத்துத்தான் நாப்பதாயிரம். இவ்ளோ கஷ்டப்பட்டுப் படிச்ச பொண்ணுங்க, முதல் க்ளையன்ட் வர்றதுக்கு முன்னாடியே அம்மா நகைய வச்சு இந்த ஆளுங்களுக்குக் கட்டறத பாக்கறப்ப வயிறு எரியுது.

சரி, கேஸ் ஆகும்னு சொன்னாரே, அது எங்கேர்ந்து வருதுன்னா ஆர்சிஐ, அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டம், 1992. க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னு சொல்லிக்கணும்னா அந்தக் கவுன்சில் பதிவு கட்டாயம், அதுக்கு அவங்க அங்கீகரிச்ச படிப்பு வேணும், உங்க எம்.எஸ்சி. அதுல வராது. பதிவில்லாம அப்படி ப்ராக்டிஸ் பண்ணா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல ஆயிரம் ரூபா வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். நீங்க கவுன்சலர், அதனால உங்களுக்கு ஆர்சிஐ நம்பர் வேணாம். ஆனா போர்டு, விசிட்டிங் கார்டு, கூகுள் மேப், எங்கயும் 'க்ளினிக்கல்'ங்கற வார்த்தை வரக்கூடாது. போர்டு அடிக்கறவரே 'நல்லாருக்கும் மேடம்'னு சேத்துடுவார், பிரின்டுக்கு முன்னாடி பாத்துடுங்க. பிஎச்.டி. இல்லாம பேருக்கு முன்னாடி டாக்டர் போடாதீங்க. போர்டுல உங்க பேரு, எம்.எஸ்சி. கவுன்சலிங் சைக்காலஜி, மனநல ஆலோசகர், இது போதும்.

கவுன்சலர்களுக்குன்னு ஒழுங்கான பதிவேடு ஏன் இல்லைன்னு கேப்பீங்க. 2021ல மத்திய அரசு துணை மருத்துவத் தொழில்களுக்கு தனி ஆணையச் சட்டமே போட்டுச்சு, சைக்காலஜிஸ்ட் கவுன்சலர்லாம் அதுக்குள்ள வர்றாங்க. சட்டம் வந்து வருஷம் ஓடுது, பாஸ் பண்ண பொண்ணு இன்னைக்கும் எங்க போய் பேர் எழுதறதுன்னு தெரியாம நிக்குது. அந்தக் காலி இடத்துலதான் புரோக்கர் கடை போடறான். பதிவு வர்றப்ப நேரா நீங்களே அப்ளை பண்ணுங்க, நடுவுல யாரும் வேணாம்.

மனநல சட்டம் 2017ல ஒரு ரிஜிஸ்ட்ரேஷன் இருக்கேன்னு சிலர் பயமுறுத்துவாங்க. அது ஆளத் தங்க வச்சுப் பாக்கற இடத்துக்கு. வந்து பேசிட்டுப் போற ரூமுக்கு இல்ல. ஜிஎஸ்டி வருஷ வரவு 20 லட்சம் தாண்டினா பாத்துக்கலாம். கார்ப்பரேஷன் தொழில் வரிக்கு மண்டல ஆபீஸ்ல நேரா கேளுங்க.

இப்ப ஈபி. இத கொஞ்சம் மெதுவா படிங்க, ஏன்னா இங்கதான் எல்லாரும் ஏமாறாங்க. வீட்ட தொழிலுக்கு யூஸ் பண்ணா கமர்ஷியல் டாரிஃப்ங்கறது பொது விதி, சரிதான். ஆனா வீட்டு டாரிஃப்லயே ஒரு விலக்கு எழுதியிருக்கு: தொழில்முறை ஆளுங்க குடியிருக்கற வீட்டோட சேந்த கன்சல்டிங் ரூம், 200 சதுர அடிக்குள்ள இருந்தா அதே கனெக்‌ஷன்லயே ஓட்டலாம். மூணு விஷயம் கவனிங்க, நீங்க அந்த வீட்டுல குடியிருக்கணும், ரூம் வீட்டோட சேந்து இருக்கணும், அளவு தாண்டக் கூடாது. பத்துக்கு இருபதுன்னா சரியா 200, உங்க முன்ரூம் அதுக்குள்ள இருக்கான்னு டேப் வச்சு அளந்து ஒரு ஸ்கெட்ச் போட்டு வச்சுக்கோங்க. வெயிட்டிங் ஹால்னு இன்னொரு ரூம இழுத்தா கணக்கு மாறிடும். பழைய வண்ணாரப்பேட்டைல தனியா ஒரு மாடி வாடகைக்கு எடுத்து அங்க குடியில்லாம நடத்தினா இந்த விலக்கு கிடையாது, அப்ப கமர்ஷியல்தான். யாராவது மாத்தித் தரேன்னு காசு கேட்டா டாரிஃப் ஆர்டர்ல அந்த வரிய காட்டச் சொல்லுங்க, உதவிப் பொறியாளர் ஆபீஸ்ல எழுத்துல குடுத்து கையெழுத்தோட அக்னாலெட்ஜ்மென்ட் வாங்குங்க.

லைசென்ஸ விட எனக்குப் பெரிய கவலை உங்க முன்ரூம்தான். நம்ம ஏரியால பக்கத்து வீட்டு அக்கா, எதிர்வீட்டு அத்தை எல்லாரும் எல்லாரையும் பாத்துக்கிட்டே இருப்பாங்க, உங்க வீட்டுப் படியேறினாலே 'அதுக்கு என்னாச்சு'ன்னு தெருவே பேசும். முடிஞ்சா தனி வாசல் வைங்க, கதவுக்கு அடியில ரப்பர் பட்டை அடிங்க, உள்ள பேசறது சமையக்கட்டுக்குக் கேக்குதான்னு வீட்டு ஆளயே நிக்க வச்சு பாருங்க. உங்க தெருக்காரங்கள, சொந்தக்காரங்கள க்ளையன்டா எடுக்காதீங்க, வேற கவுன்சலர்கிட்ட அனுப்புங்க. ரெண்டு சந்திப்புக்கு நடுவுல கால் மணி நேரமாவது இடைவெளி விட்டா ஒருத்தர ஒருத்தர் பாத்துக்க மாட்டாங்க.

இன்னொரு புரோக்கர் கண்டிப்பா வருவான், போதை மறுவாழ்வு சென்டர்லேர்ந்து. ஒரு ஆள அனுப்பினா இவ்ளோன்னு கமிஷன் பேசுவான். புருஷன் குடிய நிறுத்த வழி கேட்டு அழுதுகிட்டு வர்ற பொம்பளைங்கதான் உங்ககிட்ட நிறைய வருவாங்க, அவங்கள வச்சு அந்தக் காசு ஒரு ரூபா கூட வாங்காதீங்க. ஆளத் தங்க வைக்கற சென்டருக்கு மாநில மனநல ஆணையப் பதிவு இருக்கணும், அந்தப் பேப்பர பாக்காம எங்கயும் அனுப்பக் கூடாது. ஸ்டான்லி ஆஸ்பத்திரில மனநலப் பிரிவு இருக்கு, கீழ்ப்பாக்கத்துல அரசு மனநல காப்பகம் இருக்கு, ரெண்டும் நமக்குக் கிட்டதான். மருந்து தேவைப்படற ஆளுங்கள அனுப்ப ஒரு சைக்யாட்ரிஸ்ட்ட ரூம் திறக்கறதுக்கு முன்னாடியே போய் பாத்துப் பேசி வைங்க, ராத்திரி யாராவது உயிர விட்டுடுவேன்னு போன் பண்ணா சொல்ல அரசாங்கத்தோட மனநல உதவி லைன், டெலி மானஸ் நம்பர் 14416 சுவத்துல ஒட்டி வைங்க. குழந்தை மேல பாலியல் தொல்லைன்னு தெரிஞ்சா போக்சோ சட்டப்படி போலீஸ்க்கோ சிறார் போலீஸ் பிரிவுக்கோ நீங்க சொல்லியே ஆகணும், அத முதல் சந்திப்புலயே ஃபார்ம்ல தமிழ்ல எழுதிக் கையெழுத்து வாங்கிடுங்க.