கறுத்த முன்பல்லுக்கு எந்தப் பீங்கான்?

வணக்கம் டாக்டர். கீழக்கரையில் உங்களிடம் வந்த பெண்ணுக்கு, வேர் சிகிச்சைக்குப் பின் கறுத்த மேல் முன்பல்லில் லித்தியம் டைசிலிகேட் என்ற பீங்கானில் செய்த கிரவுனை (பல்லின் மேல் மாட்டும் உறையை) வைத்துப் பார்த்தால் சாம்பல் நிறம் தெரிகிறது, ஜிர்கோனியா என்ற இன்னொரு பீங்கானுக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவசரப்பட்டு மாற வேண்டாம். அநேகமாக ஒளி அதிகம் ஊடுருவும் வகையில் செய்திருப்பார்கள். அடியில் இருக்கும் கறுப்பு அப்படியே மேலே வருகிறது. முதலில் பல்லை உள்ளிருந்தே வெளுக்கப் பாருங்கள். வெளுத்தபின் இரண்டு வாரம் பொறுத்தே கிரவுனை ஒட்டுங்கள், இல்லாவிட்டால் பிடிப்பு குறையும். புதிய கிரவுனுக்கு, அதே பீங்கானின் ஒளிபுகாத வகையில் உட்கூடு செய்து, அதன்மேல் பல் நிறப் பீங்கான் பொடிகளை அடுக்கச் சொல்லுங்கள். அதற்குப் பல்லை உதட்டுப் பக்கம் செதுக்கி, சுமார் 1.5 மி.மீ. இடம் கொடுத்தே ஆகவேண்டும். இடமில்லாமல் அடுக்கினால் சுண்ணாம்பு அடித்த சுவர்தான் மிஞ்சும்.

அடுக்குவதில் உயிர் இருப்பது வெட்டு விளிம்பில், அதாவது பல்லின் கடிக்கும் நுனியில். ஈறை ஒட்டிய கழுத்தருகே சற்றுச் செம்மஞ்சளான டென்டின் (பல்லின் உள்பகுதி நிறப் பொடி). அது விளிம்பை நெருங்கும்போது மூன்று மழுங்கிய முனைகளாகப் பிரிய வேண்டும். அந்த இடைவெளிகளில் நீலம் கலந்த ஒபலசென்ட் (ஓபல் கல்லைப் போல் ஒளிரும்) பொடி, எல்லாவற்றுக்கும் மேல் மெல்லிய எனாமல் (பல்லின் வெளிப்படலம் போன்ற பொடி). பக்கத்துப் பல்லில் அந்த நீலம் இல்லையென்றால் இங்கேயும் வேண்டாம்.

நிறத்தைப் பல் காய்வதற்கு முன்பே பாருங்கள். காய்ந்த பல் வெளுப்பாகக் காட்டும். நம் கடற்கரையின் உச்சி வெயில் கண்ணைக் கூசவைக்கும், நிழலான ஜன்னலோரம் போதும். செதுக்கிய பல்லையும் நிற மாதிரியோடு சேர்த்துப் படமெடுத்து லேபுக்கு அனுப்புங்கள். அந்தப் படம் இல்லாமல் எங்களைப் போன்ற டெக்னீஷியன்களால் கறுப்பை மறைக்கவே முடியாது.