வேகம் ஏறாத பாய்மர வண்டி

அமெரிக்காவின் ஐவன்பா வறண்ட ஏரியில் நல்ல காற்றிலும் உங்கள் பாய்மர வண்டி (பாயில் படும் காற்றால் தரையில் ஓடும் சக்கர வண்டி) மந்தமாகி, பாய் படபடக்கிறது என்கிறீர்கள். வேகம் கூடக்கூட, ஓட்டுபவர்மேல் படும் காற்று மேலும் முன்பக்கமிருந்து வருவதுபோல் மாறும். அப்போது பாய்க்கயிற்றை (பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு) தளர்த்தினால் வேகம் செத்துவிடும். தள்ளிக் கிளம்பும்போது மட்டும் தளர்வாக விடுங்கள்; உருண்டதும் கைமாற்றிக் கைமாற்றி இழுத்து இறுக்குங்கள். பக்கச் சக்கரம் தரையைவிட்டு எழும்பினால் மட்டும் கயிற்றைக் கொஞ்சம் விடலாம். காற்றோடு நேராக ஓடாதீர்கள், சாய்வாக வளைந்து வளைந்து போங்கள்.

பின்சக்கரங்களையும் பாருங்கள், பலர் தவறவிடுவது இதைத்தான். ஆளை உட்காரவைத்து (பாரத்தில் அச்சு வளையும்), இரு டயர்களின் முன்புறத்தில், அச்சு உயரத்தில் சுண்ணாம்புக்கோடு போட்டு இடைவெளியை அளந்து பாருங்கள். கோடுகள் பின்னால் வரும்வரை உருட்டி மறுபடி அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் டயர் தரையைத் தேய்த்துக்கொண்டே ஓடுகிறது.